முப்பது நாளில் ஒரு நாவல்... உங்களாலும் முடியும்!

"என் கதையை எழுதினா அதுவே ஒரு பெரிய நாவல் ஆகும், தெரியுமா?"

கல்யாண வீட்டுப் பந்தியில், ரயில் பயணத்தில், டாக்டரிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் நேரத்தில்... இந்த வசனத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்போம்! ஏன், நாமே எத்தனை தடவை சொல்லியிருப்போம்! சரி, சொன்னவர்களில் எழுதியவர்கள் எத்தனை பேர்? அங்கேதான் இடிக்கிறது.

நானும் பதினைந்து வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தவள்தான். நான் எழுத நினைத்தது என் அம்மாவின் கதை.

எங்களுக்கு நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார். ஒரே ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு அக்காவையும் என்னையும் ஆளாக்கினாள் அம்மா. 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைப் புயல் புரட்டிப் போட்டதே, அந்த ராத்திரி எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அப்போது அம்மா முதலில் பரண் மேலே ஏற்றியது எங்களை அல்ல, மெஷினை! எனக்கு ஆறு வயசு, அக்காவுக்குப் பத்து. "அம்மாவுக்குப் பெத்த பிள்ளையை விட மெஷின்தான் பெரிசு" என்று அக்கா நாற்பது வருஷத்துக்கு மேல் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு தடவைகூட பதில் சொன்னதில்லை.

'இதை எழுதணும், எழுதணும்' என்று எனக்குள் ஒரே துடிப்பு. ஆனால், பெண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும், முட்டி வலி குறையட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். எதுவும் எனக்காகக் காத்திருக்கவில்லை. அம்மாவும்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மாவின் பெட்டியைத் திறந்தேன். அவளுடைய அளவு நோட்டு கிடைத்தது. ஊர்ப் பெண்களின் ஜாக்கெட் அளவுகள் வரிசையாக... கழுத்து இவ்வளவு, கை இவ்வளவு என்று. நோட்டில் பின்பாதி காலியாக இருந்தது. 'இனி யாரிடம் போய்க் கேட்டு எழுதப் போகிறோம்?' என்ற பயம் அன்றைக்குத்தான் முதல் முதலாக வந்தது.

அந்தப் பயத்தில் இருந்தபோதுதான் 'முப்பது நாள் நாவல்' என்ற விளையாட்டைப் பற்றி என் மகள் சொன்னாள்.

அது என்ன விளையாட்டு?

1999-ம் வருஷம், ஜூலை மாதம். அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பாட்டி என்ற இளைஞருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. 'ஒரே மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதிப் பார்த்தால் என்ன?' நண்பர்களைக் கூட்டினார். மொத்தம் 21 பேர். யாரும் பெரிய எழுத்தாளர் கிடையாது. இலக்கு 50,000 வார்த்தைகள். ஆறு பேர் முடித்தார்கள்.

அடுத்த வருஷம் போட்டியை நவம்பருக்கு மாற்றினார்கள். நவம்பரில் அங்கே குளிரும் மழையும் அதிகம், வெளியே போக மனசு வராது. எழுத வசதியான மாதம்! அந்த வருஷம் 140 பேர் வந்தார்கள். அதன் பிறகு உலகம் பூராவும் பரவி, லட்சக்கணக்கானவர்கள் எழுதும் திருவிழாவாகவே ஆகிவிட்டது. சுருக்கமாக 'நானோரைமோ' என்பார்கள்.

இதை நடத்திவந்த அமைப்பு, பணக் கஷ்டத்தாலும் வேறு சில சர்ச்சைகளாலும், 2025 மார்ச் கடைசியில் 'மூடுகிறோம்' என்று அறிவித்துவிட்டது. 'அட, அப்ப அவ்வளவுதானா?' என்று கேட்காதீர்கள். இந்த விளையாட்டுக்கு ஆபீஸ் வேண்டாம், நுழைவுக் கட்டணம் வேண்டாம், நடுவர் வேண்டாம். ஒரு காலண்டரும் நோட்டும் போதும். நவம்பர்தான் என்று கட்டாயமும் இல்லை. உங்கள் வீட்டுக்கு எந்த மாதம் தோதோ அந்த மாதம்.

பரிசு? எழுதி முடித்த நாவல்தான் பரிசு!

நிஜமாகவே முடியுமா?

ரஷ்ய எழுத்தாளர் தாஸ்தயேவ்ஸ்கியைக் கேளுங்கள். கடன் தொல்லையில் மாட்டி ஒரு பதிப்பாளரிடம் பயங்கரமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். 1866 நவம்பர் முதல் தேதிக்குள் புது நாவல் தரவில்லையென்றால், அடுத்த ஒன்பது வருஷம் அவர் எதை எழுதினாலும் அந்தப் பதிப்பாளர் பணமே தராமல் போட்டுக்கொள்ளலாம்! அக்டோபர் பிறந்தபோது கையில் ஒரு பக்கம்கூட இல்லை. சுருக்கெழுத்து படித்த அன்னா என்ற இருபது வயதுப் பெண்ணை வேலைக்கு வைத்துக்கொண்டார். அவர் சொல்லச் சொல்ல அன்னா எழுதினார். 26 நாளில் 'சூதாடி' நாவல் தயார்! கெடு நாளன்று பதிப்பாளர் ஊரிலேயே இல்லாமல் நழுவிவிட, தாஸ்தயேவ்ஸ்கி போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து ரசீது வாங்கினார். அடுத்த வருஷமே அன்னாவையும் கல்யாணம் செய்துகொண்டார்.

நம் காலத்துக்கு வாருங்கள். 2017-ல் நோபல் பரிசு வாங்கிய கசுவோ இஷிகுரோ, தன் புகழ்பெற்ற 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே' நாவலை 1987-ல் எப்படி எழுதினார் தெரியுமா? நாலு வாரம் விரதம் மாதிரி உட்கார்ந்தார். திங்கள் முதல் சனி வரை காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து ராத்திரி பத்தரை வரை எழுத்து. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம். போன் கிடையாது, விருந்தாளி கிடையாது, கடிதத்தைப் பிரிப்பது கிடையாது. நாலு வாரத்தில் நாவல் ஏறக்குறைய முழுசாக வந்துவிட்டது. அதன் பிறகுதான் நிதானமாகச் செப்பனிட்டார். 1989-ல் வெளிவந்து அதே வருஷம் புக்கர் பரிசும் வாங்கியது.

ஆனால் பெண்களே, ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த நாலு வாரமும் அவர் பங்குச் சமையல், வீட்டு வேலை எல்லாவற்றையும் அவர் மனைவிதான் பார்த்துக்கொண்டார். இதை அவரே எழுதியிருக்கிறார். நமக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? அதற்கும் வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நம் ஊரில் மட்டும் என்னவாம்? கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் எழுதினார். பத்திரிகை அச்சுக்குப் போகும் நாள் யாருக்காகவும் நிற்காது. ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் தேதி தொடங்கி, 2020 வரை நாளுக்கொரு அத்தியாயமாக 'வெண்முரசு' வரிசையில் 26 நாவல்கள் எழுதினார். 'மூடு வரட்டும்' என்று காத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?

இவர்கள் ஜாம்பவான்கள், நமக்கு ஏது அந்தத் திறமை என்று தோன்றும். இருக்கட்டும். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது திறமையை அல்ல, கெடுவை! முடிக்க வேண்டிய தேதி என்று ஒன்று இருந்தால்தான் கை நகரும்.

தமிழுக்குத் தனிக் கணக்கு!

ஐம்பதாயிரத்தை முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1,667 வார்த்தை. கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. அப்புறம்தான் யோசித்தேன். இது ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு. 'ஐ டிட் நாட் கோ ஹோம்' என்பது அவர்களுக்கு ஐந்து வார்த்தை. நமக்கு? 'வீட்டுக்குப் போகவில்லை.' இரண்டே வார்த்தை! வேற்றுமை உருபையும் காலத்தையும் 'இல்லை'யையும் ஒரே வார்த்தைக்குள் மூட்டை கட்டிவிடுகிற மொழி நம்முடையது. அதனால் அதே அளவு கதைக்கு நமக்குக் குறைவான வார்த்தைகளே ஆகும்.

எனவே என் இலக்கை 30,000 என்று வைத்துக்கொண்டேன். நாளுக்கு ஆயிரம் வார்த்தை. கோடு போட்ட நீள நோட்டில் என் கையெழுத்துக்கு ஒரு பக்கம் 150 வார்த்தை பிடிக்கிறது. ஆக, ஏழு பக்கம். காலையில் நாலு, ராத்திரி மூன்று. இப்படிப் பிரித்தால் மலை மடுவாகிவிடும்.

எழுத வராது, பேச வரும் என்கிறவர்களுக்கு இன்னொரு வழி. செல்போனில் தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றும் வசதி இருக்கிறதே! தாஸ்தயேவ்ஸ்கிக்கு அன்னா... உங்களுக்கு செல்போன். பிழைகள் வரும், வரட்டும். பிறகு திருத்திக்கொள்ளலாம்.

நாலு வாரம், நாலு விதம்

முதல் வாரம் தேன்நிலவு! அம்மாவின் அளவு நோட்டில் காலியாக இருந்த பக்கங்களில்தான் ஆரம்பித்தேன். நான்கே நாளில் அது நிரம்பி, புது நோட்டு வாங்கினேன். தலைப்பு தேடி நேரத்தைக் கொல்லாதீர்கள். முதல் அத்தியாயத்திலிருந்துதான் எழுத வேண்டும் என்பதும் இல்லை. மனசில் எந்தக் காட்சி பளிச்சென்று நிற்கிறதோ அதை முதலில் எழுதுங்கள். தொடங்குவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் எழுதி வைத்தால் போதும். 'என் நாயகிக்கு என்ன வேண்டும்? அது கிடைக்காமல் தடுப்பது எது?'

இரண்டாவது வாரம் சனி பிடிக்கும். எனக்கு எட்டாவது நாள் பிடித்தது. முதல் நாள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். 'சே! இதையெல்லாம் யார் படிப்பாங்க?' அன்றைக்கு ஒரு வரி ஓடவில்லை. மனசுக்குள் ஒரு நீதிபதி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வேலை உண்டு, ஆனால் இந்த மாதம் இல்லை. 'ஐயா, நீங்க அடுத்த மாசம் வாங்க' என்று வாய்தா வாங்கிவிடுங்கள். ஊர்ப்பெயர் மறந்துபோச்சா? ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே போங்கள். முன்னால் எழுதிய பக்கத்தைப் புரட்டவே கூடாது. மாவு அரைக்கும்போதே தோசை வேகவில்லையே என்று கவலைப்படுவோமா?

இன்னொரு யுக்தி. ஹெமிங்வே சொன்னது. அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிட வேண்டும். மறுநாள் உட்கார்ந்ததும் கை தானாக ஓடும்.

மூன்றாவது வாரம்தான் அதிசயம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாலாவது வாரம் ஓட்டம். எப்படி முடிப்பது என்று தெரியாவிட்டாலும் ஒரு முடிவை எழுதிவிடுங்கள். 'முற்றும்' போடுகிற சுகமே தனி! பிறகு மாற்றிக்கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள்?

நான் செய்த தப்பு

ஏழாயிரம் வார்த்தை பாக்கி விழுந்ததும் எனக்கு வேகம் பிறந்தது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு காபி போட்டுக்கொண்டு இரண்டு மணி வரை எழுதினேன். ஐந்து நாள் தாங்கியது. ஆறாவது நாள் கண் எரிச்சல், பின்கழுத்தில் பிடிப்பு, வலது கை கட்டைவிரலும் பக்கத்து விரல்களும் மரத்துப் போயின. கூடவே காய்ச்சல்!

எங்கள் டாக்டரிடம் ஓடினேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுதற நாவலைப் பகல் ரெண்டு மணிக்கு எழுதினா நல்லா வராதா? தூக்கத்தைக் கடன் வாங்கி எழுதாதீங்க. அந்தக் கடனுக்கு வட்டி ஜாஸ்தி."

மூன்று நாள் எழுத்துக்கு விடுமுறை. அந்தப் பாடத்தில் நான் கற்றதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

தூக்கம்: பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும். பகலில் படித்ததையும் பார்த்ததையும் மூளை பத்திரப்படுத்துவது தூக்கத்தில்தான். ராத்திரி முடிச்சு விழுந்த காட்சி காலையில் தானாக அவிழும், அனுபவித்துப் பாருங்கள்.

காபி: குடித்த காபியின் காஃபினில் பாதி உடம்பிலிருந்து கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம். தண்ணீர் சொம்பைப் பக்கத்திலேயே வையுங்கள்.

கண்: கம்ப்யூட்டரையோ செல்போனையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது. அதனால்தான் எரிச்சல். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தூரத்தில் இருப்பதை இருபது விநாடி பாருங்கள். ஜன்னல் வழியாக எதிர்வீட்டு வேப்பமரத்தைப் பார்த்தால் போதும்.

கை: கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இவற்றில் மதமதப்பு, ராத்திரியில் கை மரத்து விழிப்பு வருவது... இதெல்லாம் மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதன் அடையாளமாக இருக்கலாம். 'கார்ப்பல் டனல்' என்பார்கள். பெண்களுக்கு அதிகம். சர்க்கரை, தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வாய்ப்பு இன்னும் கூடுதல். மணிக்கட்டை மடக்காமல் நேராக வைத்து எழுதுங்கள். பேனாவை இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஓய்வு கொடுத்தும் மதமதப்பு போகவில்லையென்றால் தைலத்தோடு நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள்.

முதுகு: கட்டிலில் சாய்ந்து, மடியில் நோட்டு வைத்து எழுதாதீர்கள். பாதம் தரையில் படுகிற மாதிரி நாற்காலி, முழங்கை உயரத்தில் மேஜை. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து வாசல் வரை நடந்துவிட்டு வாருங்கள். பாதிக் கதை அந்த நடையில்தான் கிடைக்கும்.

பெல்ஜியத்தில் பிறந்த துப்பறியும் கதை மன்னர் ஜார்ஜ் சிமெனான் பதினோரு நாளில் ஒரு நாவலை முடித்துவிடுவார். ஆனால், தொடங்கும் முன்னால் டாக்டரை வரவழைத்து ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துக்கொள்வாராம்! வேகமாக எழுதுகிறவர் உடம்பை எவ்வளவு மதித்தார் பாருங்கள். பி.பி., சர்க்கரை உள்ளவர்கள் நாவல் வேகத்தில் மாத்திரையையும் வேளைச் சாப்பாட்டையும் மறந்துவிடக் கூடாது.

வீட்டில் ஒரு மணி நேரம் கேளுங்கள்

"இந்த வயசுல என்ன நாவல்?" இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். கோபப்படாதீர்கள். ஒளித்து வைத்தும் எழுதாதீர்கள். ஒளித்து எழுதுவதால்தான் ராத்திரி இரண்டு மணி ஆகிறது!

காய்ச்சல் விட்ட அன்று நான் வீட்டுக்காரரிடம் நேராகவே கேட்டேன். "ஏங்க, இன்னும் பதினாலு நாள். தினம் காலைல ஒரு மணி நேரம் என்னை யாரும் கூப்பிடக் கூடாது. அந்த நேரத்துல காபியும் டிபனும் உங்க பொறுப்பு. முடியுமா?" ஒரு நிமிஷம் யோசித்தார். "உப்புமா பரவாயில்லையா?" என்றார். பதினாலு நாளும் உப்புமாதான். அதனாலென்ன!

பொத்தாம் பொதுவாக 'எனக்கு உதவி பண்ணுங்க' என்று கேட்டால் யாருக்கும் புரியாது. எந்த மணி, எத்தனை நாள், எந்த வேலை என்று கேட்டால் கிடைக்கும். இஷிகுரோவுக்குக் கிடைத்தது ஒரு மாதம் முழுசாக. நமக்கு ஒரு மணி நேரம் போதும்.

இங்கிலாந்தில் ஆண்டனி டிராலப் என்று ஒரு நாவலாசிரியர். 1882-ல் காலமானார். தபால் இலாகாவில் பெரிய வேலையில் இருந்துகொண்டே எழுதியவர். காலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை எழுதுவார். இப்படியே 47 நாவல்கள்! தினம் தன்னை எழுப்பிக் காபி கொடுப்பதற்காக ஒரு வயசான வேலைக்காரருக்கு வருஷத்துக்கு ஐந்து பவுன் தனியாகக் கொடுத்தார். 'என் வெற்றிக்கு வேறு யாரையும் விட இவருக்குத்தான் கடன்பட்டிருக்கிறேன்' என்கிற மாதிரி சுயசரிதையில் நன்றி சொல்லியிருக்கிறார். நீங்களும் நாவல் முடிந்ததும் காபி போட்டவருக்கு நன்றி சொல்ல மறக்காதீர்கள்!

மனசு கனத்தால்...

சொந்தக் கதையை எழுதும்போது பழைய ரணங்கள் கிளறும். 1986-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களைத் தினம் பதினைந்து நிமிஷமாக நாலு நாள் எழுதச் சொன்னார்கள். சிலருக்குச் சாதாரண விஷயங்கள். சிலருக்கு வாழ்க்கையில் பட்ட பெரிய வேதனைகள். வேதனையை, நடந்ததையும் மனசில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அந்தச் சமயத்தில் இன்னும் சோர்ந்துதான் போனார்கள். ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போனது குறைந்திருந்தது. பிறகு நடந்த ஆராய்ச்சிகளில் பலன் சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு என்று தெரிந்தது. ஆக, எழுத்து மருந்துக்கு மாற்று இல்லை. ஆனால் மனசு பேச ஒரு வாசல்.

எழுதிவிட்டு அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், தப்பில்லை. அதுவே நாள் கணக்கில் நீடித்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டால், அந்தப் பகுதியை மூடி வையுங்கள். நம்பிக்கையானவரிடம் பேசுங்கள், மனநல டாக்டரைப் பாருங்கள். நாவல் காத்திருக்கும்.

முப்பத்தோராவது நாள்

நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஒரு மாதம் தொடாதீர்கள். பிறகு எடுத்து, ஊரார் கதையைப் படிக்கிற மாதிரி படியுங்கள். அப்போதுதான் நீதிபதியைக் கூப்பிட வேண்டும். வெட்டட்டும், ஒட்டட்டும்.

சாரா குரூவனின் 'வாட்டர் ஃபார் எலிஃபன்ட்ஸ்' (2006), எரின் மார்கன்ஸ்டெர்னின் 'தி நைட் சர்க்கஸ்' (2011) இரண்டுமே இந்த முப்பது நாள் விளையாட்டில் பிறந்தவைதான். ஆனால் முப்பது நாளில் எழுதியது அப்படியே அச்சுக்குப் போய்விடவில்லை. மார்கன்ஸ்டெர்ன் ஒரு நவம்பர் போதாமல் அடுத்தடுத்த நவம்பர்களிலும் எழுதி, பிறகு திருத்தித் திருத்தித்தான் அந்த நாவலை உருவாக்கினார். முப்பது நாளில் கிடைப்பது துணிதான். வெட்டித் தைக்க வேண்டியது பிறகு. ஆனால் துணியே இல்லாமல் எந்தத் தையற்காரி ஜாக்கெட் தைப்பாள்?

அந்த மூன்றாவது வாரம்...

சொல்கிறேன் என்றேனே! பத்தொன்பதாம் நாள் புயல் ராத்திரிக்கு வந்து சேர்ந்தேன். யோசிக்க நேரமில்லை, அன்றைய ஏழு பக்கத்தை முடித்தாக வேண்டும். அம்மாவாகவே மாறி எழுதிக்கொண்டு போனேன். முழங்கால் அளவு தண்ணீர். இரும்பு மெஷின். தலைக்கு மேலே தூக்கிப் பரணில் வைக்க இரண்டு ஆள் வேண்டும். எதிர்வீட்டுச் சித்தப்பா அரிக்கேன் விளக்கோடு ஓடி வருகிறார். அவர் வீட்டிலும் பிள்ளைகள், அவரால் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது...

பேனா அப்படியே நின்றுவிட்டது.

எங்களை அம்மா தனியாகவே தூக்கிவிடுவாள். மெஷினை அவளால் தனியாகத் தூக்க முடியாது. கிடைத்த ஒரு நிமிஷத் துணையை அவள் மெஷினுக்குச் செலவழித்தாள், மறுநாளிலிருந்து எங்களுக்குச் சோறு போட வேண்டுமே என்று. பதினைந்து வருஷம் யோசித்துக்கொண்டே இருந்தபோது தோன்றாதது, கெடு வைத்து எழுதியபோது வந்து நின்றது.

மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தேன். சுமார் 26,000 வார்த்தை. கணக்குப்படி நான் தோற்றவள்! ஆனால் ஒரு மாதம் முன்னால் என் கையில் இருந்தது பூஜ்யம்.

திருத்தி எழுதியதை முதலில் அக்காவிடம்தான் கொடுத்தேன். இரண்டு நாள் போனே இல்லை. மூன்றாம் நாள் பேசினாள். "நானும் தூக்கிவிடற வயசுதாண்டி. ஆனா அந்த ராத்திரி பயத்துல மூலையில உக்காந்துட்டேன். சித்தப்பா மட்டும் வரலேன்னா..." என்றவள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "மெஷின் எங்கே இருக்கு? எண்ணெய் போட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

புத்தகமாக வருமா, வராதா? தெரியாது. அது அடுத்த கவலை.

உங்கள் வீட்டிலும் எழுதாத கதை ஒன்று இருக்கும். அதைச் சொல்லக்கூடியவர் ஒருவேளை பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கலாம். முதலில் அவரிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு காலண்டரில் ஒரு தேதியை வட்டம் போடுங்கள்.

நோட்டு வாங்கியாச்சா?